யூத மதச் சட்டப்படி இடக்கைக்காரர் எந்த ஷூ நாடாவை முதலில் கட்டுவது?

வலது நாடாவைத்தான். இடக்கைக்காரர் வலது ஷூவை முதலில் மாட்டி, வலதையே முதலில் கட்ட வேண்டும் என்கிறது மிஷ்னா பெரூரா என்ற யூதச் சட்ட விளக்க நூல்.

வழக்கமான வரிசை (வலதை மாட்டு, கட்டாதே, இடதை மாட்டிக் கட்டு, பிறகு வலதைக் கட்டு) ஷுல்ஹான் ஆரூஹ் என்ற யூதச் சட்டத் தொகுப்பின் ஓரஹ் ஹயீம் பகுதியில், 2:4-இல் உள்ளது. அது வலக்கைக்காரருக்கு. அவர் தெஃபிலீனை (தொழுகையின்போது வாரால் கட்டிக்கொள்ளும், வேத வசனங்கள் அடங்கிய சிறு தோல் பெட்டி) இடக்கையில் கட்டுகிறார். அதனால்தான் கட்டுவதில் மட்டும் இடதுக்கு முதலிடம். காரணத்தை விட்டு வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தால் இடக்கைக்காரருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும்.

தெஃபிலீனை எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வலக்கை என்றால் வலது நாடாவை முதலில் கட்டுவதே உங்களுக்கு.

எழுத ஒரு கை, மற்ற வேலைக்கு வேறு கை என்றால் உங்கள் ரப்பியிடம் (யூத மத குருவிடம்) கேட்டுவிடுங்கள், அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். நாடா இல்லாத ஷூவுக்கு இந்தச் சிக்கலே இல்லை, வலது முதலில். கழற்றும்போது இடது முதலில்.