தண்ணியும் காரும்: வாசகர் கேள்வி பதில்

கே: அண்ணன், அடைமழைக்கு முத்தத்தில நிண்ட கார்ல சீற் மட்டத்துக்கு வெள்ளம் ஏறிட்டு. இப்ப வடிஞ்சிட்டு. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

ப: தம்பி, சாவியில கை வெச்சிராதீங்க! வெளியில காய்ஞ்சு கிடந்தாலும் ஏர் பில்டர் வழியா எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருக்கலாம், காத்தை அமுக்கிற மாதிரி பிஸ்டனால தண்ணிய அமுக்கேலாது, அப்படியே ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டனோட சேந்த கனெக்டிங் ராட் வளைஞ்சு எஞ்சினே போயிரும். முதல்ல தண்ணி நிண்ட அடையாளத்தை போட்டோ எடுத்து வையுங்க, புல் இன்சூரன்ஸ் எண்டா அது தேவைப்படும். மறுகா பற்றரி வயரக் கழட்டிட்டு ஒயில் குச்சிய இழுத்துப் பாருங்க, பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தா ஒயிலோட தண்ணி கலந்திட்டு. மெக்கானிக் பாஸ் வந்து பிளக் எல்லாம் கழட்டி எஞ்சினச் சுழட்டி தண்ணிய வெளிய எடுக்கணும், ஒயில், பில்டர் மாத்தணும், கியர் ஒயிலையும் பாக்கச் சொல்லுங்க. ஹைபிரிட் எண்டா ஒரஞ்சு வயர் பக்கமே போகாதீங்க, அது ஹை வோல்டேஜ், ஹைபிரிட் வேலை தெரிஞ்ச ஆள்தான் தொடணும்.

கே: றேடியேற்றருக்கு கிணத்துத் தண்ணி விடலாமா? கொதிக்க வெச்சு ஆறவிட்டா சரியா? (அக்கரைப்பற்று வாசகர்)

ப: வேணாம். கொதிக்க வெச்சாலும் கிணத்துத் தண்ணியில இருக்கிற உப்பு முழுசாப் போகாது. என்ட பழைய கார்ல நானும் நாலு வருசம் அப்படித்தான் விட்டன், ஹீட் ஏறி நிண்டு கழட்டினா குழாய்க்குள்ள கேத்தில் அடியில பிடிக்கிற மாதிரி வெள்ளைப் படை, விரலால சுரண்டவும் வரல்ல. தண்ணி கலக்காத கூலன்டும் (எஞ்சின் சூட்டத் தணிக்கிற திரவம்) பற்றரிக்கு ஊத்துற தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்க. நடுவழியில ஹீட் ஏறினா மட்டும் கிடைச்ச தண்ணிய ஊத்தலாம், பிறகு முழுக்க கழுவிரணும். சூட்டோட மூடியத் திறக்கவே வேணாம், முகமெல்லாம் வெந்திரும்.

கே: வீடு கல்லடியில, கடற்கரைக்குக் கிட்ட. காருக்குக் கீழ அண்டர்கோட் பூச்சு அடிச்சா துரு நிக்குமா? (மட்டக்களப்பு வாசகி)

ப: புதுத் தகட்டுக்கு நல்லது தங்கச்சி. ஆனா ஏற்கனவே துரு பிடிச்ச இடத்துக்கு மேல அடிச்சா ஈரம் உள்ளுக்கு அடைபட்டு மேல மினுங்க மினுங்க கீழ தின்டு போயிரும், அதால முதல்ல துருவ சுரண்டி பிரைமர் அடிக்கச் சொல்லுங்க. கதவுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மழைத்தண்ணி வடியத்தான் வெச்சிருக்கு. அவசரத்தில அதையும் சேத்து அடைச்சிருவாங்க, பக்கத்தில நிண்டு பாருங்க. கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியால அடிப்பக்கம் கழுவினா இன்னும் நல்லம்.