மிடில் ஸ்கூலில் கிஃப்டடா, ஆனர்ஸா? அமெரிக்கப் பெற்றோர் கேள்வி பதில்

கேள்வி: பென்சில்வேனியா. மகளுக்கு கிஃப்டட் (மீத்திறன் பிள்ளைகளுக்கான தனித் திட்டம்) தகுதி வந்திருக்கிறது, ஆனர்ஸும் (கூடுதல் கடினமான வகுப்பு) கிடைக்கும். எதை எடுப்பது அக்கா?

பதில்: உங்கள் மாநிலத்தில் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியதில்லை. அங்கே கிஃப்டட் என்பது மாநிலக் கல்வி விதிகளில் சாப்டர் 16 தரும் உரிமை. பள்ளி உங்கள் மகளுக்கென்று ஜிஐஇபி என்ற தனிக் கல்வித் திட்டத்தை எழுதி, வருடம் ஒருமுறையாவது கூட்டம் போட்டுத் திருத்த வேண்டும். பள்ளி மீறினால் விசாரணை கோரலாம். ஆனர்ஸுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. அதனால் ஆனர்ஸ் கணக்கையும் ஆங்கிலத்தையும் ஜிஐஇபிக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். "வாரம் ஒரு மணி நேரம் புராஜெக்ட்" என்று மட்டும் இருந்தால், நோரா படிவத்தில் (அந்தத் திட்டத்துக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்டுப் பள்ளி அனுப்புவது) ஒப்புதல் தராதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தவறும் பாடத்தை யார் நடத்துவார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்வி: டெக்சாஸில் ஆனர்ஸ் கணக்குக்கு விண்ணப்பம் உண்டா?

பதில்: 2023-ல் வந்த எஸ்பி 2124 சட்டப்படி, ஐந்தாம் வகுப்பு ஸ்டார் (மாநிலப் பொதுத்தேர்வு) கணக்குத் தேர்விலோ மாவட்டத்தின் அளவுகோலிலோ முதல் 40 சதவீதத்தில் வந்தால், ஆறாம் வகுப்பில் தானாகச் சேர்ப்பார்கள். வேண்டாமென்றால்தான் பெற்றோர் சொல்ல வேண்டும்.

கேள்வி: கிஃப்டட் தகுதிக்காகப் பள்ளிகள் வைக்கும் கோகேட் என்ற சிந்தனைத்திறன் தேர்வுக்கு நல்ல கோச்சிங் சொல்லுங்கள்.

பதில்: கேள்வி வடிவம் பழக ஒரு மாதிரித்தாள் போதும். கோச்சிங் வேண்டாம்.

கேள்வி: வர்ஜீனியா. ஏழாம் வகுப்பிலேயே ஆல்ஜீப்ரா 1 எடுத்தால் நல்லதுதானே?

பதில்: அவசரம் வேண்டாம். எட்டில் எடுத்தாலே ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் ஆல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி (கல்லூரி நிலை) கால்குலஸ் வந்துவிடும். தாவும்போது விடுபடுவது விகிதம், பின்னம், மைனஸ் எண்கள். ஆல்ஜீப்ராவில் பிள்ளைகள் தடுமாறுவதும் அங்கேதான்.

கேள்வி: கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் எடுக்கிறார்களே, பின்தங்கிவிட மாட்டானா?

பதில்: பன்னிரண்டில் கால்குலஸ் படித்த பிள்ளை எஞ்சினியரிங்குக்குப் பின்தங்கியவன் அல்ல. மாறாக, ஏழில் வாங்கும் சி கிரேடு ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) ஏறும். அந்த கிரேடை நீக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டும் போய்விடும். பின்ன வகுத்தல், மைனஸ் பெருக்கல், விகிதம் மூன்றிலும் சேர்த்து 20 கணக்கு கொடுங்கள். உதவியில்லாமல் 18 சரியாக வந்தால் எடுக்கட்டும்.

கேள்வி: நியூ ஜெர்சி, ஏழில் ஆல்ஜீப்ரா...

பதில்: வர்ஜீனியாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அந்த 20 கணக்கு உங்களுக்கும்தான்.

கேள்வி: வேறு மாநிலத்துக்கு மாறுகிறோம். கிஃப்டட் தகுதி கூட வருமா?

பதில்: கிஃப்டடைக் கட்டாயமாக்கும் ஃபெடரல் சட்டம் கிடையாது, ஒவ்வொரு மாநிலமும் ஒரு விதி. புதுப் பள்ளி மறுபடி சோதிக்கலாம். கிளம்பும் முன் கோகேட் மதிப்பெண்ணை சொல், எண், உருவம் என்ற மூன்று பிரிவுக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.