அம்மாவின் சங்கிலிக் கொக்கியில் காந்தம் ஒட்டுகிறதே, தங்கம்தானா?

கேள்வி: அம்மா விட்டுச்சென்ற 5 பவுன் சங்கிலி என்னிடம் இருக்கிறது. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். சங்கிலி அசையவே இல்லை. கொக்கி மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. போலி நகையா?

பதில்: முதலில் அந்தக் கொக்கியைக் கவனித்துப் பாருங்கள். சின்னக் குமிழ் ஒன்றை நகத்தால் தள்ளினால் வாய் திறந்து, விட்டதும் டக்கென்று மூடிக்கொள்கிறதா? மூட வைப்பது உள்ளே இருக்கும் எஃகு ஸ்பிரிங். தங்கம் மென்மையான உலோகம், ஸ்பிரிங் செய்ய உதவாது. காந்தம் இழுப்பது அந்தத் துளி எஃகைத்தான். உங்கள் சங்கிலியில் அதனால் ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங்கே இல்லாத, ஒரே கம்பியை வளைத்துச் செய்த எஸ் கொக்கி ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சாதாரண வெப்பநிலையில் காந்தம் பலமாக இழுக்கும் தனி உலோகங்களில் நம் கைக்கு வருபவை இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றும்தான். தங்கம் ஒட்டாது. 22 காரட்டில் கலக்கும் செம்பும் வெள்ளியும்கூட ஒட்டாது. (நிக்கல் கலந்த எவர்சில்வர் பாத்திரங்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாததைப் பார்த்திருப்பீர்கள். கலவையில் உலோகத்தின் குணமே மாறிவிடுகிறது.)

ஆனால் 'ஒட்டவில்லை, அதனால் தங்கம்' என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. முலாம் பூசிய கவரிங் நகைகள் பெரும்பாலும் செம்பிலோ பித்தளையிலோ செய்தவை; அவற்றைக் காந்தத்தால் கண்டுபிடிக்கவே முடியாது. இந்தச் சோதனையை நம்பிப் பணம் இழந்தவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் செய்வதென்றால் தண்ணீர்ச் சோதனை மேல். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். சங்கிலியை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். காற்றுக் குமிழி இருந்தால் மெல்ல ஆட்டி விரட்டுங்கள். 5 பவுன், அதாவது 40 கிராம் எடையுள்ள 22 காரட் சங்கிலி என்றால் தராசு ஏறக்குறைய 2.3 கிராம் காட்டும். அதே எடையில் வெள்ளி 3.8, பித்தளை 4.7 காட்டும். கல், அரக்கு, உள்ளே பொள்ளல் உள்ள நகைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

பழைய நகையில் முத்திரை இல்லையே என்று கலங்க வேண்டாம். ஹால்மார்க் கட்டாயமானதே 2021 ஜூனில்தான், அதுவும் முதலில் 256 மாவட்டங்களில். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே கருவி உள்ள ஹால்மார்க் மையத்துக்குக் கொண்டுபோங்கள். நகையைச் சுரண்டாமல், உருக்காமல் சில நிமிடங்களில் காரட்டைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கதிர் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் தடித்த முலாம் அதை ஏமாற்றலாம். தண்ணீர்ச் சோதனையையும் செய்துவிட்டுப் போங்கள். கொக்கியை இப்போதே மாற்ற வேண்டிய அவசியமில்லை, ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.