மூடினால் தூங்குகிறது, தட்டினால் மறுக்கிறது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லினக்ஸ் லேப்டாப்பைத் தூங்கவைக்கும் சஸ்பெண்ட் பற்றியவை. சிலவற்றில் டிஸ்ட்ரோவின் (எந்த வகை லினக்ஸ் என்பதன்) பெயர்கூட இல்லை. சிஸ்டத்தின் பதிவேடான ஜர்னலின் கடைசி ஐம்பது வரிகளை இணைக்காமல் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மூடியைச் சாத்தினால் ஒழுங்காகத் தூங்குகிறது. டெர்மினலில் நிர்வாகியான ரூட்டாக மாறி, தூங்கவைக்கும் பிஎம்-சஸ்பெண்ட் கட்டளையைக் கொடுத்தால் மட்டும் ஒரே நொடியில் பிராம்ப்ட் திரும்பிவிடுகிறது. ஹார்ட்வேர் கோளாறா? கட்டளைகளை ஓட்டும் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: மூடியைச் சாத்தினால் தூங்குகிற இயந்திரத்துக்கு ஹார்ட்வேரில் என்ன கோளாறு இருக்கப் போகிறது? மூடியைக் கவனிப்பது லாகின்டி என்ற பின்னணிச் சேவை. அது பூட் ஆகும்போதே கிளம்பிவிட்டது, உங்கள் ஷெல்லைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிஎம்-சஸ்பெண்ட் அப்படியில்லை. அது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். வரிசையாக ஹூக்குகளை, அதாவது சஸ்பெண்டையொட்டி ஓடும் குட்டி ஸ்கிரிப்ட்களை, ஓட்டும், அவற்றில் ஒன்று தோற்றாலும் சஸ்பெண்டைக் கைவிட்டுவிடும். டெர்மினலில் தட்டினால் உங்கள் சூழல் மாறிகளும் (ஷெல் வைத்திருக்கும் அமைப்புகள்) அதோடு கூடவே போகின்றன.

நல்ல வேளை, பாஷ்ஆர்சியை அனுப்பினீர்கள். நான்காவது வரியிலேயே ஆள் நிற்கிறது: சொல் தேடும் கிரெப் கட்டளைக்கான கிரெப் ஆப்ஷன்ஸ் மாறி, மதிப்பு 'கலர் = ஆல்வேஸ்', முன்னால் எக்ஸ்போர்ட், அதாவது ஷெல்லிலிருந்து ஓடும் எல்லாவற்றுக்கும் மாறியைக் கடத்தும் சொல். இந்த ஒரு வரியால் வீணான மாலைகள் எனக்கே நிறைய உண்டு. எங்கோ பார்த்து, அழகாக இருக்கிறதே என்று ஒட்டிக்கொள்கிறார்கள். 'ஆல்வேஸ்' என்றால் எப்போதும்தான். வெளியீடு திரைக்குப் போனாலும் சரி, இன்னொரு கட்டளைக்குள் போனாலும் சரி, கிரெப் வண்ணக் குறிகளைச் செருகிவிடும். மூன்று பைட்டில் முடியவேண்டிய 'மெம்' (ஒரு சஸ்பெண்ட் நிலையின் பெயர்) என்ற சொல், முன்னும் பின்னும் எஸ்கேப் குறிகளோடு இருபது பைட்டாக வரும். திரையில் பார்த்தால் வெறும் சிவப்பு எழுத்து. கேட் கட்டளைக்கு -வி கொடுத்து அதே வெளியீட்டைப் பாருங்கள், தொப்பிக் குறியும் சதுர அடைப்புமாகக் குப்பை தெரியும். அந்தச் சொல்லை எதிர்பார்த்து ஒப்பிடும் ஹூக் ஏமாறாமல் என்ன செய்யும்?

முதலில் அந்த மாறியை அன்செட் செய்துவிட்டு அதே டெர்மினலில் முயலுங்கள். தூங்கினால் வரியை நிரந்தரமாக அழியுங்கள். வண்ணம் வேண்டுமென்றால் திரைக்குப் போகும்போது மட்டும் வண்ணம் தரும் 'ஆட்டோ' மதிப்போடு ஏலியாஸ் (கட்டளைக்கு வைக்கும் மாற்றுப்பெயர்) வையுங்கள். ஏலியாஸ் ஸ்கிரிப்டுக்குள் போகாது, எக்ஸ்போர்ட் செய்தது எங்கும் போகும். கிரெப் 2.21-லேயே, அதாவது 2014-லேயே, இந்த மாறியைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை வரத் தொடங்கியது. 2020-ல் வந்த 3.6 அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆக, உங்கள் கிரெப்பும் பழசு.

ரூட் உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோ வழக்கமாக இத்தகைய மாறிகளை வடிகட்டிவிடும். ரூட்டாக மாற, கோடு போடாத 'சூ' அல்லது 'சூடோ -ஈ' கொடுத்திருப்பீர்கள். இரண்டையும் பழக்கமாக்காதீர்கள்.

கேள்வி: டெபியனில் 'சூ' போட்டு ரூட் ஆன பிறகும் பிஎம்-சஸ்பெண்ட் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது.

பதில்: 'சூ -' என்று கோடு போடுங்கள். டெபியன் 10 முதல் வெறும் 'சூ' ரூட்டின் பாத்தை, அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுப் பட்டியலை, தருவதில்லை.

கேள்வி: சூடோ எக்கோ மெம் என்று /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்புக்குத் திருப்பிவிட்டால் அனுமதி மறுக்கப்படுகிறது. சூடோ கொடுத்தும் ஏன்?

பதில்: திருப்பிவிடுவது சூடோ அல்ல, உங்கள் ஷெல். எக்கோவின் வெளியீட்டை, வந்ததைக் கோப்பில் எழுதும் 'சூடோ டீ'க்குப் பைப் செய்யுங்கள்.

கேள்வி: பாஷ்ஆர்சியில் தப்பான வரியை அழித்துவிட்டேன். பல டெர்மினல் விண்டோக்களைத் தரும் டிமக்ஸில் புது விண்டோ திறந்தாலும் மாறி அப்படியே இருக்கிறது.

பதில்: டிமக்ஸ் சர்வர் தான் கிளம்பிய நேரத்துச் சூழலைப் பிடித்து வைத்திருக்கிறது. சர்வரையே நிறுத்திவிட்டுத் திறங்கள். மறுபடியும் சொல்கிறேன், யோசிக்காமல் எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: சிஸ்டம்-ஸ்லீப் அடைவில் ஒரு ஹூக் வைத்தேன். கையால் ஓட்டினால் ஓடுகிறது, சஸ்பெண்டின்போது ஓடவில்லை.

பதில்: இது முதல் கேள்வியின் மறுபக்கம். அங்கே சூழல் மிஞ்சியது, இங்கே போதவில்லை. சிஸ்டத்தின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி ஓட்டும்போது உங்கள் பாத், டிஸ்ப்ளே எதுவும் இருக்காது. கட்டளைகளுக்கு முழுப் பாதை எழுதுங்கள். 'என்வ் -ஐ' வைத்து வெறும் சூழலில் ஓட்டிப் பாருங்கள், உடையும் இடம் தெரியும். எக்சிக்யூட் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். அப்புறம், இன்னொரு கட்டளையின் வெளியீட்டில் ஆங்கிலச் சொல்லைத் தேடும் ஸ்கிரிப்ட் என்றால் வெளியீட்டின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி-ஆலை 'சி' என்று வைத்துவிடுங்கள். மொழி மாறிய டெஸ்க்டாப்பில் அந்தச் சொல் வராமல் நானே ஒரு முறை முழித்திருக்கிறேன்.

கேள்வி: 'ஃப்ரீசிங் ஆஃப் டாஸ்க்ஸ் ஃபெயில்ட்' என்று இருபது நொடிக்குப் பிறகு வருகிறது. இதற்கும் பாஷ்ஆர்சிதான் காரணமா?

பதில்: இல்லை. எல்லாவற்றுக்கும் அதைப் பழிக்காதீர்கள். தூங்கும் முன் உறைய மறுத்த ப்ராசஸின் பெயர் அதற்கு அடுத்த வரிகளிலேயே இருக்கும். பெரும்பாலும் தொடர்பு அறுந்த நெட்வொர்க் மவுண்ட்டில் மாட்டிக்கொண்ட ஒன்று.

கேள்வி: வெளி மானிட்டர் செருகியிருந்தால் மூடியைச் சாத்தினாலும் தூங்குவதில்லை.

பதில்: அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டுமானால் லாகின்டி.கான்ஃபில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்-டாக்டு என்ற அமைப்பை மாற்றுங்கள்.

கேள்வி: என் லேப்டாப் தூங்கவில்லை. அவசரம்.

பதில்: ஜர்னலை அனுப்புங்கள்.