உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோக, பாரமில்லாத சாப்பாடு எது?

ஐந்து நாள் காட்டு நடைக்கு மூன்று பேர் என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் உலர் உணவு போதும்.

சமைத்த சோறு முதல் நாள் மதியத்துக்கு மட்டும் சரி. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 100 கிராமில் 130 கலோரி அளவே கிடைக்கும். அதே எடை அவலில் சுமார் 350, வறுத்த கச்சானில் (நிலக்கடலை) 550க்கு மேல். காரணம், கச்சானில் உள்ள எண்ணெய்: ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4தான்.

காலைக்குச் சிவப்பு அவல். டப்பாவில் போட்டு, அவல் நனையுமளவு தண்ணீர் விட்டு மூடிவையுங்கள். முகம் கழுவி, பாயைச் சுருட்டுவதற்குள் ஊறிவிடும். சர்க்கரையை (வெல்லம்) சீவிப் போட்டால் போதும், அடுப்பு வேண்டாம்.

இடிசம்பலை மறக்காதீர்கள். துருவிய தேங்காய்ப்பூவை ஈரம் போய்ப் பொன்னிறமாகும்வரை மெல்லிய தீயில் வறுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடிக்க வேண்டும். சூட்டோடு போத்தலில் அடைத்தால் வியர்த்து, இரண்டாம் நாளே ஊசல் மணம் வரும். நான் அப்படி ஒரு போத்தலை முழுதாகக் கொட்டியவன்!

இரவுக்கு மைசூர்ப் பருப்பும் அரிசியும் போட்டுக் கஞ்சி. கொண்டைக்கடலை வேண்டாம், அது வேகுமுன் விறகு தீர்ந்துவிடும்.

அப்புறம், வாழைப்பழம் கொண்டுபோனால் பகலிலேயே முடித்துவிடுங்கள். வழியில் வரும் குமண காட்டுப் பக்கம் யானைக்கு அந்த மணம் நன்றாகத் தெரியும்.