சர்க்கரைக்கு நித்தியகல்யாணி இலை குடிக்கலாமா?

சாட்ஸ்வொர்த் வீட்டு வாசலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணி இலையைக் கொதிக்கவைத்து அம்மா தினமும் ஒரு தம்ளர் சர்க்கரை நோய்க்காகக் குடிக்கிறார், எலிகள் இதில் செத்தது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் கதை கொஞ்சம் வேறு.

1952இல் கனடாவில் ராபர்ட் நோபிளின் ஆய்வகத்துக்கு ஜமைக்காவிலிருந்து இந்த இலை வந்து சேர்ந்தது, அங்கேயும் இதைச் சர்க்கரைக்குத்தான் டீ மாதிரி குடித்தார்கள். எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள், சர்க்கரை அசையவில்லை. அப்புறம் சாற்றை ரத்தநாளத்தில் ஊசியாகப் போட்டபோது, எலிகள் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் உடம்பெல்லாம் சீழ்க்கட்டியோடு செத்தன. காரணம், வெள்ளையணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜையும் சோர்ந்துபோனதால் சாதாரணக் கிருமியைக்கூட எதிர்க்க முடியவில்லை. அதிலிருந்து பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. செல் இரண்டாகப் பிரிய விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

பிற்பாடு சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளில் இலைச்சாறு சர்க்கரையைக் குறைத்ததும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இலையில் அந்த விஷச்சத்து மிகக் குறைவு, ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் ஒரு தம்ளரில் உயிர் போகாது, ஆனால் தினமும் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்குத் தெரியும்? இதே செடியிலிருந்து வரும் இன்னொரு புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் கை கால் மரத்துப்போக வைக்கும், சர்க்கரைக்காரருக்கும் அதே தொல்லை வரும், எது எதனால் என்று டாக்டரே குழம்புவார். நானாக இருந்தால் குடிக்க விடமாட்டேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவே வேண்டாம், கிளினிக்கில் இலை விஷயத்தையும் சொல்லி ரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.