பூண்டு கறுக்காவிட்டால் காளானைச் சாப்பிடலாமா?

கேள்வி: மழை விட்டதும் எங்கள் தோட்டத்தில் புற்றுப் பக்கமும் எருக்குழி ஓரமும் வெள்ளைக் காளான் முளைக்கிறது. மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவைத்து, பூண்டு கறுக்காவிட்டால் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார் மாமியார். நம்பலாமா?

பதில்: அந்தச் சோதனையை நம்பாதீர்கள். பூண்டோ அரிசியோ வெள்ளிக் காசோ காளான் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. ஆளையே கொல்லும் சில அமானிட்டா காளான்களில் உள்ள அமட்டாக்சின் என்ற விஷம், எவ்வளவு நேரம் கொதித்தாலும் அழியாது. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் தவறுதான். பூச்சிக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் நம் கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளாது.

ஆனால், உங்கள் மாமியார் கறையான் புற்றில் முளைக்கும், சாப்பிடக்கூடிய புற்றுக்காளானைப் பார்த்தவுடனே அடையாளம் சொல்பவராக இருந்தால், அந்த அறிவைக் கூடவே இருந்து கற்றுக்கொள்ளுங்கள். விஷம் இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்க வழியில்லை. இது இன்ன காளான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அடுப்பில் ஏற்றலாம்.

அதனால் காளானைப் பிடுங்காமல், சுற்றிலும் மண்ணைத் தோண்டி எடுங்கள். பெரிய புற்றுக்காளான்களின் தண்டு தரையோடு நிற்காது. வேர் போல மெலிந்து கீழே இறங்கி, கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சைப் படுகை வரை போகும். குடையின் நடுவில் மண்ணைத் துளைத்து வர வசதியாக ஒரு கெட்டியான கூர்முனை இருக்கும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

தண்டின் அடியில் கிழிந்த பை மாதிரி ஒரு உறையும், மேலே பாவாடை போல ஒரு வளையமும் இருந்தால் அது அமானிட்டாவாக இருக்கலாம், தொட வேண்டாம். பிடுங்கினால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும், அதனால்தான் தோண்டச் சொல்கிறேன். சாப்பிடக்கூடிய வைக்கோல் காளானுக்கும் பை உண்டு, வளையம் கிடையாது. மொட்டாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம், காட்டு மொட்டுகளைப் பறிக்கவே வேண்டாம்.

எருக்குழி ஓரத்துக் காளான்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எரு, புல்தரை என்று வளரும் குளோரோஃபில்லம் என்ற விஷக் காளான், பெரிய வெள்ளைக் குடையும் அதன்மேல் பழுப்புச் செதில்களுமாகப் பார்க்க நன்றாகவே இருக்கும். குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் இளசில் வெள்ளை. முற்றினால்தான் பச்சை தட்டும். நன்றாக விரிந்த ஒரு குடையை வெட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, பாத்திரத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தாளில் பச்சைத் தூள் படிந்திருந்தால் அது குளோரோஃபில்லம்தான். புற்றுக்காளானின் தூள் வெளிறிய இளஞ்சிவப்பு. ஆனால் அந்த நிறம் சில விஷக் காளான்களுக்கும் உண்டு, நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். குளோரோஃபில்லம் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். அமட்டாக்சின் 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் தெரியவரும். நடுவில் ஒரு நாள் சரியானது போலத் தோன்றி, அப்புறம் கல்லீரலைத் தாக்கும். அதனால் வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சாப்பிட்ட எல்லோரும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிச்சம் இருக்கும் காளானைக் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.